கடைசி நூறு கஜம்

மாலை வேளையில் மஞ்சக்குப்பம் மைதானத்தின் ஓரமாக நடந்து செல்வோர் ஒரு காட்சியைத் தவறாமல் காண்பர். மைதானத்தின் நடுவே பல குழுவினர் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பர். மட்டையைக் கையிலெடுத்த ஒவ்வோர் இளைஞனும் பந்தை எல்லைக்கு அப்பால் அனுப்பிவிடவே விரும்புவான். பந்து வானில் எழுந்தால் ஆரவாரம் எழும். அதே மைதானத்தின் ஒரு மூலையில், மர நிழலில், இரண்டு மூன்று சிறுவர் மண்ணில் குழி தோண்டிக் கோலிக்குண்டு உருட்டிக்கொண்டிருப்பர். அவர்களைச் சுற்றிக் கூட்டம் இராது, கைதட்டலும் இராது. ஆனால், சற்றே நின்று உற்றுப் பாருங்கள். ஒரு சிறுவன் குனிந்து தரையின் மேடு பள்ளத்தைப் பார்க்கிறான். வழியில் கிடக்கும் சிறு கல்லை எடுத்து எறிகிறான். கையை ஒருமுறை வெறுமனே அசைத்துப் பார்க்கிறான். பிறகே குண்டை உருட்டுகிறான். அது குழியின் விளிம்பு வரை சென்று, சற்றே தயங்கி, உள்ளே விழுகிறது.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அந்தச் சிறுவனுடைய கலைதான். அது உலகமெங்கும் பெருந்திடல்களில் ஆடப்படும் ஓர் ஆட்டத்தில் எவ்வாறு கற்பிக்கப்படுகிறது, எவ்வாறு பயிலப்படுகிறது என்பதைக் கூற விழைகின்றேன். அவ்வாட்டம் கோல்ப் எனப்படும் குழிப்பந்தாட்டம். நம் ஊரில் கோல்ப் திடலைக் கண்டவர் மிகச் சிலரே. பின் எதற்கு அதைப் பற்றிப் பேச வேண்டும் என்று நீங்கள் வினவலாம். எந்தக் கலையைக் கற்பதிலும் நாம் செய்யும் ஒரு பெரும் பிழையை இவ்வாட்டம் எண்களாலேயே காட்டிவிடுகிறது. அதனாலேயே பேசுகிறேன்.

முதலில் ஆட்டத்தின் இயல்பைச் சுருக்கமாகக் காண்போம். விரிந்த புல்வெளியில் 18 குழிகள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்திருக்கும். ஒவ்வொரு குழிக்கும் ஒரு தொடக்க இடம் உண்டு. அங்கிருந்து குழி 150 கஜ தூரத்திலும் இருக்கலாம். 500 கஜத்துக்கு அப்பாலும் இருக்கலாம். ஏறத்தாழ 46 கிராம் எடையுள்ள சிறு பந்தைக் கோலால் அடித்து, மிகக் குறைந்த அடிகளில் குழிக்குள் சேர்க்க வேண்டும். குழியின் குறுக்களவு நாலேகால் அங்குலம், அதாவது 108 மில்லிமீட்டர். பந்தின் குறுக்களவோ ஏறத்தாழ 43 மில்லிமீட்டர். ஆட்டக்காரர் 14 கோல்கள் வரை தம்முடன் எடுத்துச் செல்லலாம். ஒவ்வொரு கோலின் முகமும் ஒவ்வொரு கோணத்தில் சாய்ந்திருக்கும். நெடுந்தூரம் அடிக்கும் கோலின் முகம் 10 பாகை அளவே சாய்ந்திருக்கும். பந்தை உயரத் தூக்கும் வெட்ஜ் என்னும் கோலின் முகம் 45 முதல் 60 பாகை வரை சாய்ந்திருக்கும். பந்தைப் புல்லில் உருட்டும் கோலின் முகம் ஏறக்குறையச் செங்குத்தாகவே நிற்கும்.

இவ்வாட்டத்தின் பழைய எழுத்து விதிகள் ஸ்காட்லாந்தின் லீத் என்னும் ஊரில் 1744 இல் எழுதப்பட்டன. அவை 13 விதிகளே. இரண்டே ஆண்டுகள் கழித்து, 1746 இல், நம் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டை சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயரின் தலைமையிடமாயிற்று. ஆனால் கோல்ப் நம் நாட்டில் வேரூன்றியது கல்கத்தாவில். அங்கு 1829 இல் தோன்றிய கழகமே பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே தோன்றிய கோல்ப் கழகங்களுள் முதுமையானது. பின்னர் சென்னையிலும், உதகையிலும், கோடைக்கானலிலும் திடல்கள் அமைந்தன. கோடைக்கானல் கழகம் 1895 இல் தோன்றியது.

இனி நான் முன்பு சொன்ன எண் கணக்கிற்கு வருவோம்.

ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடிகள் போதும் என்று ஓர் அளவு வகுத்திருக்கிறார்கள். பதினெட்டுக் குழிகளுக்கும் கூட்டினால் அது பெரும்பாலும் 72 ஆகும். இந்த அளவை வகுக்கும்போது, குழியைச் சுற்றியுள்ள வழுவழுப்பான புல்தளத்தில் பந்து சேர்ந்த பிறகு இரண்டு உருட்டல்கள் ஆகும் என்று கொள்கிறார்கள். 18 குழிகளுக்கு 36 உருட்டல்கள். எனவே எழுபத்திரண்டில் சரிபாதி, மெல்லப் புல்லில் உருட்டும் அடிகளே! இதனுடன் குழியை நெருங்கிய நிலையில் பந்தைச் சிறிது தூக்கிப் போடும் அடிகளையும் கூட்டினால், கடைசி நூறு கஜத்துக்குள் நிகழும் அடிகளே பெரும்பான்மை என்பது விளங்கும். 250 கஜம் பறந்த அடியும் ஓரடிதான். ஒரு சாண் உருண்ட அடியும் ஓரடிதான். கணக்குப் புத்தகத்தில் இரண்டும் ஒன்றே.

இந்தக் கடைசி நூறு கஜத்து ஆட்டத்தைக் குற்றாட்டம் என்று நாம் அழைக்கலாம். இதில் நால்வகை அடிகள் உண்டு. புல்தளத்தில் பந்தை உருட்டுவது முதல் வகை. அதனைப் ‘பட்’ என்பர். தளத்தின் விளிம்பிலிருந்து பந்தைச் சிறிதே எழுப்பி, நெடுக உருளவிடுவது இரண்டாம் வகை, அது ‘சிப்’. இன்னும் தொலைவிலிருந்து உயரத் தூக்கிப் போட்டு, விழுந்த இடத்தருகிலேயே நிற்கச் செய்வது மூன்றாம் வகை, அது ‘பிட்ச்’. தளத்தருகே வெட்டப்பட்ட மணற்பள்ளத்தில் விழுந்த பந்தை வெளியேற்றுவது நான்காம் வகை; அப்பள்ளத்தைப் ‘பங்கர்’ என்பர்.

இவற்றைக் கற்கப் புகுந்தபோது நான் செய்த பிழையை உங்களிடம் மறைக்க வேண்டுவதில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மலையூரில் விடுமுறையைக் கழித்தபோது, நண்பர் ஒருவரின் விருந்தினனாக அங்குள்ள திடலில் ஆடிப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. முதல் நாளே மிக நீண்ட கோலை எடுத்து வீசினேன். பத்தில் ஒன்று பறந்தது. அந்த ஒன்றின் மகிழ்ச்சி மற்ற ஒன்பதையும் மறக்கச் செய்தது. அங்குப் பயிற்சியளித்த முதியவர் ஒருவர், இளமையில் பிறருடைய கோற்பையைத் தூக்கிக்கொண்டு நடந்து ஆட்டத்தைக் கற்றவர், இதனைப் பார்த்துக்கொண்டே நின்றார். மறுநாள் அவர் என்னிடமிருந்து கோல்கள் அனைத்தையும் வாங்கிக்கொண்டு, உருட்டும் கோல் ஒன்றை மட்டும் தந்தார். குழியிலிருந்து ஓரடி தூரத்தில் பந்தை வைத்து, “இதைப் போடுங்கள், ஐயா” என்றார். எனக்குச் சிறிது நாணமாகவே இருந்தது. பத்தும் விழுந்த பிறகு இரண்டடிக்குத் தள்ளி வைத்தார். பிறகு மூன்றடி. மூன்றடியில் நான்கு தவறின. “நேற்று இருநூறு கஜத்துக்கு ஆசைப்பட்டீர்கள், இன்று ஒரு கஜம் வசப்படவில்லை, பார்த்தீர்களா?” என்று அவர் சிரித்தார். அச்சிரிப்பில் ஏளனம் இல்லை.

அவர் கையாண்டது குழியிலிருந்து பின்னோக்கிக் கற்பிக்கும் முறை. உருட்டல் கைவந்தபின் சிப்; அது வந்தபின் பிட்ச்; கடைசியிலேதான் நெட்டடி. இம்முறையின் சிறப்பு யாதெனில், கற்பவன் முதல் நாளிலிருந்தே பந்து குழியில் விழும் ஓசையைக் கேட்கிறான். முடிவு எது என்பது அவன் கண்ணுக்கும் காதுக்கும் பழகிவிடுகிறது. சிறிய அசைவில் பிழையின்றி அமைந்த கையே பெரிய வீச்சிலும் பிழையின்றி அமையும். பெரிய வீச்சில் பத்துப் பிழைகள் ஒன்றோடொன்று கலந்து வருதலால் எது எதற்குக் காரணம் என்று அறிய இயலாது. சிறிய அசைவிலோ ஒரு பிழை தனித்து நின்று தன்னைக் காட்டிக்கொள்ளும்.

உருட்டலில் தொடக்கத்தார் திசையைப் பற்றியே கவலைப்படுவர். ஆனால் தவறுகளைக் குறித்து வைத்துப் பார்த்தால், நெடிய உருட்டல்களில் திசைப் பிழையைவிடத் தூரப் பிழையே பெரிதாக இருக்கக் காண்போம். முப்பதடி உருட்டலில் இடமோ வலமோ நான்கடி விலகுவோர் அரியர். எட்டடி குறைவாகவோ மிகுதியாகவோ உருட்டுவோர் பலர். ஆதலால் வேகமே முதற்பாடம். வேகம் தெரிந்தால்தான் சரிவும் தெரியும். ஏனெனில், ஒரே சரிவில் மெல்ல உருளும் பந்து மிகுதியாக வளையும், விரைந்து உருளும் பந்து குறைவாக வளையும். காலைப் பனியில் நனைந்த புல்லில் பந்து தாமதித்து உருளும். நண்பகலில் உலர்ந்தபின் அதே அடிக்கு அதிகத் தூரம் ஓடும். இவற்றையெல்லாம் கோலிக்குண்டு உருட்டும் சிறுவன் ஆசிரியரின்றியே அறிந்திருக்கிறான்.

பௌதிகம் பயிலும் மாணவர்களுக்கு இங்கு ஓர் இனிய கணக்கு உண்டு. பந்து எவ்வளவு வேகமாக வந்தாலும் குழியில் விழுமா? விழாது. குழியைக் கடப்பதற்குள் அது தன் அரைக்குறுக்களவாகிய 21 மில்லிமீட்டரேனும் கீழே இறங்கியாக வேண்டும். புவியீர்ப்பால் அவ்வளவு இறங்க ஏறத்தாழ 0.066 வினாடி ஆகும். அந்த நேரத்துக்குள் பந்தின் நடுப்புள்ளி முன்னேறத்தக்க தூரம் ஏறத்தாழ 87 மில்லிமீட்டர். வகுத்துப் பார்த்தால் வினாடிக்கு 1.3 மீட்டர் என்று வரும். அது நாம் இயல்பாக நடந்து செல்லும் வேகமே! அதற்கு மேற்பட்ட வேகத்தில் வரும் பந்து எதிர் விளிம்பில் மோதும். சில வேளை உள்ளே விழும், பல வேளை தாண்டிவிடும். இதுவும் குழியின் நடுவே குறிவைத்த பந்துக்குத்தான். ஓரமாக வரும் பந்துக்குக் கடக்க வேண்டிய அகலம் குறைவு; ஆகவே அது இன்னும் மெல்ல வந்தால்தான் விழும். மெல்ல வரும் பந்துக்குக் குழி அகன்றதாகிறது; விரைந்து வரும் பந்துக்கு அதே குழி சுருங்கிவிடுகிறது.

அடுத்தது சிப். இங்கே தொடக்கத்தார் அனைவரும் ஒரே பிழையைச் செய்வர். பந்தை மேலே எழுப்ப வேண்டும் என்று எண்ணி, கரண்டியால் மோர் மொள்ளுவது போலக் கோலைக் கீழிருந்து மேலே தூக்குவர். கோல் பந்தின் உச்சியில் பட்டு, பந்து தரையோடு தளத்தைக் கடந்து ஓடிவிடும். அல்லது பந்துக்குப் பின்னால் தரையைக் கொத்தும். என் ஆசிரியர் இதற்குக் கூறிய மருந்து ஒரே வாக்கியம்: “பந்தைத் தூக்கும் வேலையைக் கோலிடமே விட்டுவிடுங்கள், ஐயா.” கோலின் முகம் ஏற்கெனவே சாய்ந்திருக்கிறது. கோல் சற்றே கீழ்நோக்கி வந்து பந்தைத் தொட்டால், அச்சாய்வே பந்தை எழுப்பிவிடும். உடலின் பாரம் முன்காலில் இருக்கட்டும். கைகள் பந்துக்குச் சற்று முன்னால் இருக்கட்டும். மணிக்கட்டு மடங்காது, தோளும் கையும் கடிகாரத்தின் ஊசல் போலச் சேர்ந்து அசையட்டும். சிப்புக்கு இவ்வளவே இலக்கணம்.

எந்தக் கோலை எடுப்பது என்பதற்கும் ஒரு முறை உண்டு. சரிவு குறைந்த கோலால் அடித்தால் பந்து ஏறத்தாழ ஒரு பங்கு பறந்து மூன்று பங்கு உருளும். சரிவு மிகுந்த கோலால் அடித்தால் பறப்பதும் உருள்வதும் ஏறத்தாழச் சமமாகும். எனவே ஆட்டக்காரர் குழியைப் பார்ப்பதற்கு முன், பந்து முதலில் விழ வேண்டிய இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பயிற்சியின்போது அவ்விடத்தில் ஒரு துண்டை விரித்து வைத்து, அதன்மேல் பந்தைப் போடப் பழகுவர். உருண்டு செல்வதைப் புல்லிடம் ஒப்படைத்துவிடலாம்.

மணற்பள்ளத்து அடியை விளக்க, நம் வெள்ளிக் கடற்கரையைவிடச் சிறந்த வகுப்பறை வேண்டுவதில்லை. அங்கு உலர்ந்த மணலில் குதிகாலை ஊன்றி நடந்தால் கால் புதையும். பாதத்தைத் தட்டையாக வைத்து நடந்தால் புதைவது குறையும். முற்காலத்தில் மணலில் பயன்படுத்திய கோலின் அடிவிளிம்பு கூராக இருந்தது. ஆதலால் அது குதிகாலைப் போல மணலில் புதைந்து நின்றுவிட்டது. சிறுவயதில் பிறருடைய பையைத் தூக்கி வளர்ந்த அமெரிக்க ஆட்டக்காரர் ஜீன் சாரசென் இதற்கு வழி தேடினார். விமானம் ஓட்டக் கற்றபோது, தட்டையான பரப்பு காற்றில் சாய்ந்து செல்கையில் மேலெழும்புவதைக் கண்டு, கோலின் அடிப்பகுதியில் ஈயத்தைப் பற்றவைத்துத் தடித்ததாக்கினார். அக்கோல் மணலில் புதையாது வழுக்கிச் சென்றது. 1932 இல் அதனைக் கையாண்டு பிரிட்டிஷ் ஓபன் போட்டியில் அவர் வென்றார். இன்றும் மணலடியின் தத்துவம் அதுவே: பந்தை அடிப்பதில்லை, பந்துக்கு இரண்டங்குலம் பின்னால் மணலை அடிக்க வேண்டும். தெறிக்கும் மணலே பந்தைச் சுமந்து வெளியே கொண்டுவரும்.

இனிப் பயிற்சியைப் பற்றிக் கூறுவேன். மாணவர்களுக்கு மிகவும் பயன்படும் பகுதி இதுவே.

ஆசிரியர் எதற்குத் தேவை? ஆட்டக்காரனால் தன்னைத் தானே பார்க்க இயலாது. கை நேராகச் சென்றது என்று அவன் எண்ணுவான். அது வளைந்து சென்றிருக்கும். அந்த வேறுபாட்டைச் சொல்வதே ஆசிரியரின் முதற்பணி. நல்ல ஆசிரியர் ஒரு நாளில் ஒரு குறையையே சொல்வார். ஐந்து குறைகளை ஒருங்கே கேட்டவன் ஐந்தையும் நினைத்துக்கொண்டே அடிப்பான், எதுவும் திருந்தாது. அரைமணி நேரப் பாடத்துக்குப் பிறகு ஒரு வாரப் பயிற்சி இல்லையேல் அப்பாடம் வீண். பாடமே இன்றி ஓராண்டுப் பயிற்சி செய்தாலும் பிழையே பழக்கமாகி இறுகிவிடும். பாடமும் பயிற்சியும் வண்டியின் இரு சக்கரங்கள் என்க.

பயிற்சி செய்யும் முறையிலும் ஓர் உண்மை உண்டு. 1978 இல் கெர், பூத் என்னும் இரு ஆய்வாளர்கள் சிறுவர்களிடம் ஒரு சோதனை நடத்தினர். எட்டு வயதுப் பிள்ளைகளுள் ஒரு குழுவினர் சிறு பையை மூன்றடித் தொலைவிலிருந்த இலக்கில் எறிந்தே பழகினர். மற்றொரு குழுவினர் இரண்டடியிலும் நான்கடியிலும் மாற்றி மாற்றி எறிந்து பழகினர். மூன்றடியில் அவர்கள் பழகவே இல்லை. பின்னர் இரு குழுவினரையும் மூன்றடியில் எறியச் சொன்னபோது, மாற்றிப் பழகியவர்களே சிறந்து விளங்கினர்! மறு ஆண்டு, 1979 இல், ஷே, மார்கன் என்னும் இருவர் செய்த ஆய்வும் இதற்குத் துணைநின்றது. ஒரே அசைவைத் தொடர்ந்து செய்தவர்கள் பயிற்சியின்போது விரைவில் தேறியதுபோல் தோன்றினர். அசைவுகளைக் கலந்து செய்தவர்கள் பயிற்சியில் தடுமாறினர். ஆனால் நாள் கழித்துச் சோதித்தபோது கலந்து பயின்றவர்களுக்கே அது நிலைத்து நின்றது.

இதன் பொருள் என்ன? ஒரே இடத்தில் நின்று முப்பது பந்துகளை ஒரே குழிக்கு உருட்டுவது, கை பழகுவதற்குத் தொடக்கத்தில் உதவும். ஆனால் இருபதாவது பந்து விழுவது திறமையால் அன்று. முந்திய பத்தொன்பதின் நினைவால். ஆட்டத்தில் அந்தப் பத்தொன்பது கிடையாது. அங்கு ஒவ்வோர் அடியும் முதலடியே, கடைசியடியும் அதுவே. ஆகையால் தேர்ந்தவர்கள் ஒரே பந்தை எடுத்துக்கொண்டு, ஒருமுறை ஆறடி, அடுத்தமுறை இருபதடி, பிறகு ஒரு சிப் என்று இடத்தையும் கோலையும் மாற்றிக்கொண்டே பழகுவர். கணக்குப் பாடத்தில் ஒரே வகைக் கணக்கை இருபது முறை போட்டுவிட்டுத் தேறிவிட்டதாக எண்ணி, தேர்வுத்தாளில் கணக்குகள் கலந்து வரும்போது திகைத்து நிற்கும் மாணவர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

பயிற்சிக்கு ஒரு குறிப்பேடும் வேண்டும். மூன்றடியில் பத்துக்கு எத்தனை, ஆறடியில் எத்தனை, பத்தடியில் எத்தனை என்று நாள்தோறும் எழுத வேண்டும். உலகின் தலைசிறந்த தொழில்முறை ஆட்டக்காரர்களே எட்டடித் தொலைவிலிருந்து ஏறத்தாழப் பாதி உருட்டல்களைத்தான் குழியில் சேர்க்கின்றனர். இதை அறிந்தவன் எட்டடியில் ஐந்து தவறினால் மனம் தளரமாட்டான். மூன்றடியில் ஐந்து தவறினால் சும்மா இருக்கவும் மாட்டான். குறிப்பேட்டில் உள்ளது உள்ளவாறே எழுத வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? 1925 இல் அமெரிக்க ஓபன் போட்டியில் பாபி ஜோன்ஸ் கோலை வைத்தபோது பந்து சற்றே அசைந்தது. பிறர் எவரும் அதைக் காணவில்லை. அவரே கூறித் தம் கணக்கில் ஓரடியைக் கூட்டிக்கொண்டார். முடிவில் இருவர் சமநிலையில் நின்றனர். தீர்வாட்டத்தில் அவர் தோற்றார். தன்னுடைய கணக்குக்குத் தானே பொறுப்பேற்கும் ஆட்டம் இது.

இதுவரை குற்றாட்டத்தின் பெருமையையே கூறினேன். நேர்மையாக மறுபக்கத்தையும் கூறவேண்டும். கொலம்பியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, பல்லாயிரக்கணக்கான அடிகளின் அளவுகளை ஆராய்ந்து 2014 இல் ஒரு நூல் வெளியிட்டார். ஆட்டக்காரர்களுக்கிடையே உள்ள வேறுபாட்டில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நூறு கஜத்துக்கு அப்பாலுள்ள நெட்டடிகளாலும், மூன்றில் ஒரு பங்கே குற்றாட்டத்தாலும் விளைகின்றன என்று அவர் காட்டினார். அடிகளில் பாதி உருட்டல் என்றோமே, இது எவ்வாறு பொருந்தும்? பொருந்தும். ஓரடித் தொலைவிலிருந்து எல்லாரும் குழியில் போட்டுவிடுவர். அவ்வடிகள் எண்ணிக்கையில் சேரும், வேறுபாட்டில் சேரா. எண்ணிக்கை வேறு, வேறுபாடு வேறு. இந்நுட்பத்தை அறியாமல் குற்றாட்டமே எல்லாம் என்று முழங்குவது முறையன்று.

ஆனால் நெட்டடிக்கு வேண்டிய உடல்வலிமை எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. அவ்வலிமை குறைந்தவர் மற்ற மூன்றில் ஒரு பங்கைக் கொண்டு எவ்வளவு தூரம் செல்லக்கூடும்? அதற்கு விடையாக நம் நாட்டுப் பெண் ஒருவர் இருக்கிறார்.

பெங்களூரில் 1998 இல் பிறந்த அதிதி அசோக், ஐந்து வயதிலே அவ்வூர்த் திடலில் கோலைக் கையிலெடுத்தவர். 2016 இல் ரியோ ஒலிம்பிக்கில் 18 வயதில் ஆடினார். அவருடைய தந்தையார் கோற்பையைத் தூக்கி வந்தார். 1904 க்குப் பின் கோல்ப் ஒலிம்பிக்குக்குத் திரும்பிய ஆண்டு அது. அடுத்த ஒலிம்பிக் 2021 ஆகஸ்டில் டோக்கியோவில் நடந்தது. அவ்வாண்டிலே அவர் கொரோனா நோயுற்று மீண்டிருந்தார். உடல்வலிமை குன்றி, அடியின் தூரமும் குறைந்திருந்தது. உலக வரிசையில் அவருடைய இடம் 200. அப்போட்டியில் ஆடிய 60 பெண்களுள் மிகக் குறைந்த தூரம் அடித்தவர்களுள் அவர் ஒருவர். இம்முறை அவருடைய தாயார் கோற்பையைத் தூக்கி நடந்தார்.

நான்கு நாள் ஆட்டத்தில் அவர் எடுத்த அடிகள் 67, 66, 68, 68. மூன்று நாள் முடிவில் இரண்டாம் இடத்தில் நின்றார். பிறர் குட்டையான கோலால் தளத்தை அடைந்த இடங்களில், அவர் நீண்ட கோலால் அடிக்க வேண்டியிருந்தது. தளத்தை அடைந்தபின் உருட்டலால் அதனை ஈடுசெய்தார். கோல்பைப் பற்றி ஒன்றும் அறியாத இந்தியர் பலர் கடைசி நாளில் விடியற்காலையிலேயே எழுந்து தொலைக்காட்சி முன் அமர்ந்தனர். முடிவில் தங்கம் பெற்ற நெல்லி கோர்டா 267 அடிகள், வெள்ளியும் வெண்கலமும் பெற்ற மோனே இனாமியும் லிடியா கோவும் 268, அதிதி 269. கடைசிக் குழியில் தொலைவிலிருந்து அவர் உருட்டிய பந்து குழியைத் தவறியது. ஓரடியால் பதக்கம் கைநழுவிற்று.

இதைத் தோல்வி என்று கூறுவோர் கூறட்டும். வலிமையில் ஏறக்குறையக் கடைசியாக நின்ற ஒருவர், உலகத்தாரிடையே நான்காவதாக நிற்கக் கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? அந்த 269 இன் ஒவ்வோர் அடியும் ஓர் அடியே என்பதையும் மறவாதீர்கள். நான்கு நாளில் எங்கோ ஓரிடத்தில் விளிம்பில் நின்ற பந்து ஒன்று உள்ளே விழுந்திருந்தால், பதக்கத்துக்கான தீர்வாட்டத்தில் இடம் கிடைத்திருக்கும். கடைசி நூறு கஜத்தின் இனிமையும் கொடுமையும் அதுவே.

கோல்ப் செல்வர் ஆட்டம் என்பர். அது பெரும்பாலும் உண்மையே. திடலுக்கு நிலம் வேண்டும், நீர் வேண்டும், கோலுக்குப் பணம் வேண்டும். ஆயினும் அத்திடல்களில் பிறருடைய பையைத் தூக்கி நடந்தவர்கள் கண்ணால் கற்றார்கள். மிஞ்சிய நேரத்தில் பழகினார்கள். அவ்வாறு டெல்லியில் வளர்ந்த அலி ஷேர் 1991 இல் இந்திய ஓபன் பட்டத்தை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரரானார். 1993 இல் மீண்டும் வென்றார். பெங்களூரின் சின்னசாமி முனியப்பா 2009 இல் தீர்வாட்டத்தில் அதே பட்டத்தை வென்றார். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பை தூக்கி வளர்ந்த இந்திய வம்சாவளியினரான பாப்வா செவ்கோலம், எல்லாரும் பிடிக்கும் முறைக்கு மாறாகக் கைகளை மாற்றிப் பிடித்தே ஆடினார்; 1959, 1960, 1964 ஆகிய ஆண்டுகளில் டச்சு ஓபன் பட்டத்தை வென்றார். 1963 இல் நேட்டால் ஓபனில் வென்றபோது, நிறவேற்றுமை காரணமாகக் கழகக் கட்டடத்துக்குள் நுழைய இடமின்றி, வெளியே மழையில் நின்று கோப்பையைப் பெற்றார். திறமைக்கு வாயிலை அடைத்தவர்களின் பெயர்கள் இன்று எவருக்கும் நினைவில்லை. மழையில் நனைந்தவரின் பெயர் நிற்கிறது.

மாணவ நண்பர்களே, உங்களுள் சிலர் பிற்காலத்தில் கோல்ப் ஆடலாம். பெரும்பாலோர் ஆடாமலே போகலாம். அதனால் குறையில்லை. ஆனால் உங்களுக்கும் நாள்தோறும் ஒரு கடைசி நூறு கஜம் உண்டு. கட்டுரையை எழுதி முடித்தபின் மீண்டும் ஒருமுறை படித்துப் பார்ப்பது. கணக்கின் விடையைத் திரும்பச் சரிபார்ப்பது. கற்ற பாடத்தை நாள் கழித்து நினைவிலிருந்து கூறிப் பார்ப்பது. எடுத்த கருவியைத் துடைத்து அதன் இடத்தில் வைப்பது. இவற்றை எவரும் கைதட்டிப் பாராட்டுவதில்லை. நெட்டடியை விரும்புங்கள்; அதற்காக உடலையும் உள்ளத்தையும் வலிமையாக்குங்கள். அத்துடன் அது போய் விழுந்த இடத்திலிருந்து குழிவரை நடந்து செல்லும் பொறுமையையும் பெறுங்கள்.

நாளை மாலை மைதானத்தின் பக்கம் போனால், அந்த மர நிழலில் சற்றே நில்லுங்கள். குனிந்து தரையைப் பார்க்கும் அந்தச் சிறுவனைக் காணுங்கள். அவன் கையில் உள்ள குண்டு சிறியது. அவன் குழியும் சிறியது. ஆனால் எவ்வளவு வேகத்தில் விடவேண்டும் என்று அவனுக்குத் தெரியும்.